பிரேக் பேடு: விலையும் வேலையும்

சென்ற அக்டோபர் விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் நால்வர், ரூர்க்கியிலிருந்து முசூரிக்குப் பழைய கார் ஒன்றில் சென்றுவந்தோம். ஏறும்பொழுது குறையொன்றுமில்லை. இறங்கும்பொழுது, டேராடூனுக்குப் பாதி வழி இருக்கையில், கருகிய நாற்றம் எழுந்தது. எவ்வளவு மிதித்தும் வண்டி முன்போல் கட்டுப்படவில்லை. ஓட்டிய நண்பர் பதறாமல் இரண்டாம் கியருக்கு மாற்றி ஓரங்கட்டியதால், இக்கட்டுரையை எழுத நான் இருக்கின்றேன்!

மறுநாள் உதிரிப்பாகக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டின்மீதும் 'செராமிக்' என்றே அச்சிட்டிருந்தது. ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு. மாணவர் கைப்பணம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததன்று. எதை வாங்குவது?

பிரேக்கின் வேலை, ஓட்டத்தை வெப்பமாக்குவது. ஆட்களுடன் 1200 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2,40,000 ஜூல். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 87 பாகை வரை சுடவைக்க அது போதும். இது ஒருமுறை நிறுத்துவதற்கு. முசூரியோ ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் உள்ளது. டேராடூன் 640 மீட்டரில். அவ்வளவு உயரம் இறங்கும் அதே கார் விடும் ஆற்றல், ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் ஜூல்! அறுபத்தைந்து முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் தாங்காவிட்டால் பிரேக்தான் தாங்கவேண்டும்.

பேடு என்பது பல பொடிகளையும் இழைகளையும் பிசினால் இறுக்கிய கட்டி. அளவுமீறிச் சூடேறினால் பிசின் சிதைந்து வாயு வெளிப்படும், உராய்வு குறையும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. பெடல் கல்போல் கெட்டியாக இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிருந்தால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று ஐயுற வேண்டும். அதற்குப் பேடை மாற்றிப் பயனில்லை.

'செராமிக்' என்றவுடன் பீங்கான் தட்டை நினைக்க வேண்டா. பீங்கான் இனத்து இழைகள் கலந்திருக்கும். இறுக்குவது அதே வகைப் பிசின்தான். நல்ல செராமிக் பேடு சத்தம் போடாது. அதன் தூள் சக்கரத்தைக் கருக்காது. வட்டத் தகடும் மெல்லத் தேயும். விலையில் பெரும்பகுதி இந்தச் சுகங்களுக்கே என்பது என் கருத்து. எஃகு இழை கலந்த பேடு சற்றுக் கரகரக்கும், தகட்டையும் தின்னும். ஆனால் சூட்டை நன்றாகவே தாங்கும்.

பெட்டியை விட்டுப் பேடின் விளிம்பைப் பாருங்கள். பல பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் வகுத்த முறை இது. முதல் எழுத்து சாதாரண நிலையிலும், இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. மலைக்குப் போகின்றவர் இரண்டாம் எழுத்தையே முதலில் பார்க்க வேண்டும். சிறு துண்டை வைத்துச் செய்யும் சோதனைதான். பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. ஆயினும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

மலிவுப் பெட்டியிலிருந்த பேடில் எழுத்துமில்லை, செய்தவர் பெயருமில்லை. உராயும் கட்டியை இரும்புத் தகட்டுடன் எப்படி ஒட்டினார்களோ, யார் கண்டது? அது கழன்றால் உராய்வுக் குணகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு உண்டா என்று கேட்டோம். கடைக்காரர் உள்ளேயிருந்து, செராமிக் அல்லாத மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தார். விலையுயர்ந்ததில் பாதி விலை, விளிம்பில் 'எஃப்எஃப்', தயாரித்த நிறுவனத்தின் பெயரும் தொகுதி எண்ணும் தெளிவாக இருந்தன. அதையே வாங்கினோம்.

மிச்சப்பட்ட பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரமேறியபின் 155 பாகையே அதற்கு வரம்பு.

புதுப் பேடு தகட்டோடு பொருந்தச் சிறிது பழக்கம் வேண்டும். ஆளில்லாச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து இருபது, முப்பது முறை மெதுவாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டோம். முசூரிக்கு மறுபடியும் போனது அதற்குப் பின்னர்தான். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரில்.