அம்மாவின் மாத்திரை

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போவார். குனிந்து வெட்டி வெட்டி அவருக்கு இடுப்பு வலி.

அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். முன்பு இரவு முழுவதும் வலியில் துடிப்பார். டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது அம்மா தூங்குகிறார். கஞ்சி குடிக்கிறார். பஞ்சாயத்திலிருந்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். வீடு தேடி வரும் இந்தச் சிகிச்சைக்காகக் கேரள அரசு 2008-இல் ஒரு கொள்கை வகுத்தது.

ஒரு நாள் மகன் நர்ஸிடம் கேட்டார்.

"சிஸ்டர், இந்த மாத்திரையில் நானும் ஒன்று போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணே! அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினோம். அவர் உடம்பு பழகிவிட்டது. பழகாத உங்களுக்கு இதே அளவு மூச்சையே நிறுத்திவிடலாம்."

"முன்பு கடையில் ஒரு வலி கேப்சூல் வாங்குவேன். இப்போது அது கிடைப்பதில்லையே?"

"அது இதயத்தைப் பாதிக்கும். அதனால்தான் நிறுத்தினார்கள்" என்றார் நர்ஸ்.

நிறுத்திய மருந்து

அந்த மருந்தின் பெயர் நீளமானது. டெக்ஸ்ட்ரோ-புரோபாக்ஸி-பின். இதுவும் மார்ஃபினும் ஒரே குடும்பம். அமெரிக்காவில் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துச் சோதித்தார்கள். சரியான அளவில் சாப்பிட்டவர்களுக்கும் இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தது. 2010-இல் அங்கே விற்பனை நின்றது. 2013 மே மாதம் இந்திய அரசும் தடை விதித்தது.

இதயத்துக்கும் ஓய்வு வேண்டும்

ரப்பர் மரத்தை நாள் விட்டு நாள் வெட்டுகிறோம். மரத்துக்கு ஓய்வு வேண்டும். இதயமும் அப்படித்தான். அது சிறு மின்சாரத்தால் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ஒரு நொடிக்கும் குறைவான ஓய்வு எடுக்கிறது.

மெத்தடோன் என்ற மருந்து இந்த ஓய்வை நீட்டிவிடலாம். அப்போது துடிப்பு தாளம் தப்பலாம். மயக்கம் வரலாம். உயிரும் போகலாம். அளவு கூடினால் ஆபத்தும் கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் உப்புச் சத்து குறைந்தாலும் ஆபத்து கூடும். வேறு சில மருந்துகளும் அதோடு சேரக் கூடாது.

ஆனாலும் மெத்தடோன் பயனுள்ள மருந்து. கடுமையான வலிக்குக் கொடுக்கிறார்கள். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீளவும் கொடுக்கிறார்கள். டாக்டர் தேவைப்பட்டால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அளவை முடிவு செய்வார்.

பயந்து நிறுத்தலாமா?

இதையெல்லாம் கேட்ட மருமகள் பயந்துவிட்டார். "அப்படியானால் அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திவிடலாமா சிஸ்டர்?"

"கூடாது அக்கா! மார்ஃபின் மெத்தடோனைப் போல இதயத் தாளத்தைக் கெடுப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் வலி திரும்பும். உடம்பும் நடுங்கித் தவிக்கும். டாக்டர் சொன்ன நேரம், சொன்ன அளவு. அது போதும்."

அன்றே மகன் மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் தம் இடுப்பு வலிக்காக அரசு மருத்துவமனைக்குப் போனார்.

நினைவில் வையுங்கள்

1. ஒருவர் மருந்தை மற்றவர் சாப்பிடக் கூடாது.
2. சாப்பிடும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
3. இதய நோய் இருந்தால் மறைக்காதீர்கள். வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.
4. இந்த மருந்துகளோடு மது வேண்டாம்.
5. படபடப்பு, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
6. எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு இரண்டும் ஆபத்தின் அடையாளம். உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. அம்மாவின் மாத்திரை மகனுக்கு ஏன் ஆகாது?
2. 2013-இல் எந்த மருந்துக்குத் தடை வந்தது? ஏன்?
3. உங்கள் வீட்டில் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? குழந்தைகளின் கைக்கு எட்டுமா?