ஐந்தாம் சக்கரம்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டும் பார்ப்பார். ட்ரெய்லருக்குப் பல் ஏது, சுழி ஏது? ஆயினும் அதற்கும் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. அவை எவை என்று அறியாமல் என் தாய்மாமா முன்பணம் கொடுத்தார். அறிந்த ஒருவர் காட்டிய பின் அப்பணத்தை இழந்தார். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஏற்காடு மலையில் வாழவந்தி எங்கள் ஊர். மாமா பல்லாண்டுகளாகப் பிறர் லாரியை ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர். கூட்டாளி ஒருவரிடம் இழுவை லாரி இருந்தது. ட்ரெய்லர் எங்கள் பங்கு என்று பேச்சு. மிளகு விற்ற பணம் போதவில்லை. என் அம்மாவின் நகையும் அடகுக்குப் போயிற்று.

பெயர்க் காரணம்

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காக, அதன்மேல் ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கையாகப் பொருத்துவார்கள். தரையைத் தொடாத அந்த வளையமே ‘ஐந்தாம் சக்கரம்’ எனப் பெயர் பெற்றது. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், வண்டிப் பட்டறை வைத்திருந்த ஆகஸ்ட் புருஹாப் என்பவர், மர வியாபாரி ஒருவரின் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு வண்டி செய்து கொடுத்தார். ட்ரெய்லர்த் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இன்று இழுவை லாரியின் முதுகில் இருக்கும் வட்டத் தட்டே ஐந்தாம் சக்கரம். ட்ரெய்லரின் அடியில் தொங்கும் ‘கிங்பின்’ என்னும் முளை அதற்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். பின்வண்டியின் எடையில் ஒரு பகுதியை முன்வண்டி தாங்குவதே இதன் சிறப்பு. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் செமி ட்ரெய்லருக்கு இதையே இலக்கணமாகக் கூறுகிறது.

கட்டுமானத்தை ஆராய்தல்

நாங்கள் பார்த்த வண்டிக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். மாமாவுக்கு அது பிடித்துப்போய், அன்றே 20,000 ரூபாய் கொடுத்துவிட்டார். மறுவாரம் வெல்டிங் தொழிலில் பழுத்த பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். “தம்பி, வண்டியை மேலே பார்க்கக் கூடாது, கீழே படுத்துப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். நானும் நுழைந்தேன். அவர் காட்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, கழுத்து. ட்ரெய்லரின் முன்பகுதி உயர்ந்தும் பின்பகுதி தாழ்ந்தும் இருக்குமானால், இரண்டும் சேரும் வளைவில்தான் பாரத்தின் முழு வலியும் விழுகிறது. வெல்டிங் ஓரமாக மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். பெரியவர் சாவியால் வண்ணத்தைச் சுரண்டினார். உள்ளே ஒட்டுப் போட்ட தகடும், அந்தத் தகட்டின் ஓரத்திலேயே புதிய விரிசலும் இருந்தன.

இரண்டாவது, கிங்பின். பரவலாக வழங்கும் இரண்டு அங்குல வகையில், பூட்டு கவ்வும் இடத்தின் விட்டம் புதிதில் 50.8 மில்லிமீட்டர். தேய்ந்து 49-க்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். கண்ணால் தெரியாது, அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முதுகெலும்பாகிய இரு நீண்ட உத்திரங்கள். புதிய சமதள ட்ரெய்லரில் இவை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். பாரம் ஏற்றினால் நேராகும். வெறும் வண்டியே நடுவில் தொய்ந்து நின்றால், அது அளவுக்கு மீறிச் சுமந்து களைத்த வண்டி.

நான்காவது, அச்சு நேராக உள்ளதா என்பது. கிங்பின்னிலிருந்து முன் அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் கயிறு பிடித்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கயிறு இல்லாமலே சந்தேகப்படலாம். பிறகு பட்டைகள், பிரேக்கின் காற்றுக் குழாய்கள், நிறுத்துக் கால்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இறுதியாக, சட்டத்தில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றா, கடன் ஏதும் நிலுவை உண்டா என்று பார்க்க வேண்டும்.

அமைப்பை ஆராய்தல்

கட்டுமானம் நன்றாக இருந்தாலும் அமைப்பு நம் வேலைக்குப் பொருந்த வேண்டும். இங்கே நாம் வகுப்பில் படித்த பௌதிகம் உதவுகிறது.

கிங்பின்னுக்கும் அச்சுத் தொகுதியின் மையத்திற்கும் இடையே 8 மீட்டர் என்று கொள்வோம். 24 டன் சரக்கின் ஈர்ப்பு மையம் கிங்பின்னிலிருந்து 5 மீட்டரில் இருந்தால், நெம்புகோல் விதிப்படி அச்சுகள் 15 டன்னும், முன்வண்டி 9 டன்னும் தாங்கும். அதே சரக்கை ஒரு மீட்டர் முன்னே தள்ளி ஏற்றினால் இரண்டும் 12 டன் ஆகிவிடும். சரக்கு ஒன்றே, முன்வண்டிக்கு 3 டன் கூடிவிட்டது! ஆகவே மேடையின் நீளத்தை மட்டும் கேட்டால் போதாது. அச்சு எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து, வளைவு. கிங்பின் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து சுற்றினால், 8 மீட்டர் பின்னால் உள்ள அச்சு 144-இலிருந்து 64-ஐக் கழித்து வரும் 80-இன் வர்க்கமூலமாகிய சுமார் 8.9 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அதாவது, பின்சக்கரம் 3 மீட்டர் உள்ளே வெட்டும். இடைவெளி 5 மீட்டராயின் 1.1 மீட்டரே வெட்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நீண்ட ட்ரெய்லர் நம் மலைக்கு ஏன் ஆகாது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

வீடே ட்ரெய்லரானால்

அமெரிக்காவில் சமையலறையும் படுக்கையறையும் கொண்ட வீட்டையே ஐந்தாம் சக்கர ட்ரெய்லராகக் கட்டி, பிக்கப் வண்டியால் இழுத்துச் செல்கின்றனர். நம் பக்கத்தில் அது அரிது. எனினும் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்துள்ளதால், நடமாடும் வீடுகள் நமக்கும் அந்நியமல்ல. அதிலும் பார்வை ஒன்றே. கூரையின் மூட்டுகளில் நீர்க்கறை உண்டா, மூலைகளில் தரை மிதித்தால் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் அறைகளை மூடிய நிலையில், படுக்கைக்கும் கழிவறைக்கும் போக வழி இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ கூடும் என்பதையும் மறக்கலாகாது.

முடிவுரை

விரிசலைக் காட்டியும் முன்பணம் திரும்பவில்லை. மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்னது: “அந்தக் கழுத்து 20 டன்னோடு ரோட்டில் ஒடிஞ்சிருந்தா, பின்னால பைக்கில வர்றவன் கதி என்ன?” நகை போகுமே என்று மட்டும் அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் விஷயம் விளங்கியது. வண்டியைச் சோதிப்பது நம் பணத்தைக் காக்க மட்டுமல்ல. முகம் தெரியாதவர் உயிரையும் காக்க.

எட்டு மாதம் கழித்து, நாமக்கல்லில் நீளம் குறைந்த வேறொன்றை வாங்கினார். அதுவும் மலையேறுவதில்லை, சேலத்திலேயே நிற்கிறது. அதைப் பார்க்க அம்மாயி பஸ்ஸில் இறங்கி வந்தார். மாலை போட்டுப் பொட்டு வைத்த முகப்பைக் காட்டினோம். அம்மாயியோ முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தார். எத்தனையோ மாடு வாங்கிய கை அது.

நண்பர்களே, நாளை நீங்கள் எதை வாங்கினாலும் வண்ணத்தைக் கடைசியில் பாருங்கள்.