தோற்றவரையும் கேளுங்கள்

கேள்வி: இணையத்தில் தனியாளாகத் தொழில் நடத்தி ஜெயித்தவர்களின் வழியை அப்படியே பின்பற்றலாமா?
— வாசகர், பெஹாலா, கொல்கத்தா

பதில்: உங்கள் பெஹாலாவையே பாருங்கள். 1996-இல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட்டிலேயே 131 ரன் அடித்த சௌரவ் கங்குலியின் வீட்டை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அதே ஊரில், அதே வெயிலில் மட்டை பிடித்த மற்றப் பையன்களை யார் காட்டுவார்? கங்குலியின் அப்பா வசதியான அச்சகத் தொழிலதிபர் என்பதும் கதையில் பின்னுக்குப் போய்விடுகிறது.

இணையத் தொழிலும் அப்படித்தான். தனியாளாகப் பெரும் வருமானம் ஈட்டும் நெதர்லாந்தின் பீட்டர் லெவல்ஸ், 70-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் நான்குதான் காசு பார்த்தன என்று தானே சொல்லியிருக்கிறார். அவரிடம் தொழில் நுணுக்கம் கற்றுக்கொள்ளுங்கள், துணிச்சலைக் காப்பியடிக்காதீர்கள். கடையை மூடிய இருவரையாவது தேடிப் பேசுங்கள். அதுவரை வேலையை விடாதீர்கள்.