லயத்துச் சுவரும் வினாத்தாளும்

பொகவந்தலாவையில் பிறந்து, பேராதனையில் உளவியலோ சமூகவியலோ படித்து முடித்து, பதின்ம வயதினரின் மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் ஆராயும் திட்டமொன்றில் ஆய்வு உதவியாளராகச் சேர்கிறீர்கள். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள், என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைப்பீர்கள். பேசமாட்டார்கள். நீங்கள் யாருடைய மகள், எந்த டிவிஷன், மாமா எங்கே கணக்கப்பிள்ளை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சொன்னது பொழுது சாயுமுன் அப்பா காதுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு. ஆகவே சொந்தத் தோட்டத்தைச் சக ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். பழைய லயக் காம்பரா 10க்கு 12 அடி. நடுச்சுவர் கூரை வரை எட்டாத லயங்கள் இன்னும் உண்டு. இங்கே இருமினால் அங்கே கேட்கும். அதற்குள் உட்கார்ந்து 15 வயதுப் பையனிடம் "தண்ணி அடிப்பியா?" என்றால் "இல்ல" என்றுதான் சொல்வான். அந்த "இல்ல" உங்கள் அட்டவணையில் புள்ளிவிவரமாகவும் ஏறிவிடும். மைதானத்து ஓரம், கோயில் மண்டபம், பாடசாலை நூலகம் எதுவானாலும் சரி: நாலு பேர் பார்க்கலாம், ஒருவருக்கும் கேட்கக் கூடாது.

அனுமதிகள் பொறுமையைச் சோதிக்கும். பல்கலைக்கழக ஆய்வு அறநெறிக் குழு, கல்வித் திணைக்களம், தோட்ட நிர்வாகம் என்று வரிசை நீளம். 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் பெற்றோரின் ஒப்பம் வேண்டும். பிள்ளையும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். சம்பள நாள் மாலையில் ஒப்பம் வாங்கப் போகாதீர்கள், ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று துரை கேட்டாலும் தலைவர் கேட்டாலும் பட்டியல் கொடுக்கக் கூடாது.

கேள்விகளில்தான் உங்கள் மொழி உதவும். மனச்சோர்வு என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயில் கேட்பது அபூர்வம். "மனசு சரியில்ல", "தலை இடிக்குது", "பள்ளிக்கூடம் போகப் பிடிக்கல" என்றுதான் வரும். பிள்ளைகளின் மனநலத்தை மதிப்பிட ரொபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாளிலும் தலைவலியும் வயிற்றுவலியும் இடம்பெறுகின்றன. போதைப்பொருள் என்று கேட்டால் ஐஸ், கஞ்சா மட்டுமே நினைவுக்கு வரும். பாட்டியோடு சேர்ந்து போடும் வெற்றிலை புகையிலை கணக்கில் வராது. அதைத் தனியாகக் கேளுங்கள். எந்தக் கடையில் வாங்கினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரரைக் காட்டிக்கொடுக்கப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

2016இல் இலங்கையில் நடந்த பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு 13 முதல் 17 வயது வரையான மாணவர்களைக் கேட்டது. படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போன பிள்ளைகள் அதில் இல்லை. அவர்கள் தீபாவளிக்கு ஊர் வருவார்கள். அந்த வாரம் லீவு போடாதீர்கள்.

இந்த வேலைக்கு டாக்டராக இருக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டியதில்லை. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் சங்காத் அமைப்பு நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேலை செய்த பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும் அடாவடியும் குறைந்தன. அதே பணியை ஆசிரியர்கள் செய்த பள்ளிகளில் பலன் இல்லை. இதை ஆசிரியர்கள் மேல் குறையாக நான் பார்க்கவில்லை. பிரம்பு எடுக்கக்கூடிய கையிடம் யார் மனதைத் திறப்பார்கள்?

ஒரு நாள் ஒரு பிள்ளை "செத்துரலாம் போல இருக்கு" என்று சொல்லும். வினாத்தாளை மூடுங்கள், தனியே விடாதீர்கள், மேற்பார்வையாளரை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இப்படியொன்று வந்தால் இரகசியம் காக்க முடியாது என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். உதவி கேட்டு அழைக்க: மனநலத்துக்கு 1926, போதைப் பழக்கத்துக்கு 1927, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இந்த எண்களைத் துண்டுத் தாளில் அச்சிட்டுக் கொடுக்குமுன், ஒரு இராத்திரி நீங்களே மூன்றுக்கும் அழைத்து, தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.