சட்டம் எல்லோருக்கும் என்றால் சட்டப் புத்தகமும் எல்லோருக்கும்



"எனக்குச் சட்டம் தெரியாது" என்று சொல்லி எந்த நீதிமன்றத்திலும் தப்பிக்க முடியாது. வாடகை ஒப்பந்தமோ, பாகப்பிரிவினையோ, நிக்காஹ் பதிவோ, கடைக்கு உரிமம் எடுப்பதோ, எதுவானாலும் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. நாம் அதைப் படித்தோமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அப்படியானால் நாமும் ஒன்று கேட்கலாம் அல்லவா? நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாம் எங்கே போய்ப் படிப்பது?

இந்தக் கேள்விக்கு ஓர் அரசு தரக்கூடிய நேர்மையான பதில்தான் அரசு சட்ட நூலகம். உலகிலேயே மிகப் பெரிய சட்ட நூலகம் அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் உள்ளது. அது உருவான விதத்தையும், அது மக்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் இந்த இதழின் பாடமாகப் பார்ப்போம்.

இரண்டு தீ விபத்துகள்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் உறுப்பினர்களுக்கு உதவ 1800ஆம் ஆண்டு 5,000 டாலர் ஒதுக்கி ஒரு நூலகம் தொடங்கினார்கள். 1814இல் பிரிட்டிஷ் படைகள் வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது அந்த நூல்களும் அழிந்தன.

முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தம் சொந்த நூல்களைத் தர முன்வந்தார். 1815இல் 6,487 நூல்களை 23,950 டாலருக்கு அரசு வாங்கியது. இத்தனை பிறமொழி நூல்களும் தத்துவ நூல்களும் எதற்கு என்று சில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். சட்டம் இயற்றுகிறவருக்குத் தேவைப்படாத துறை என்று எதுவுமில்லை என்பது ஜெஃபர்சனின் கருத்து.

அந்த நூல்களில் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் இருந்தது. ஜார்ஜ் சேல் என்பவர் 1734இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அது. ஜெஃபர்சன் சட்டம் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1765இல், அதை வாங்கினார். 1851 டிசம்பரில் நூலகத்தில் மீண்டும் தீப்பிடித்து, இருந்த 55,000 நூல்களில் சுமார் 35,000 எரிந்துபோயின. அந்தக் குர்ஆன் பிரதி தப்பியது. இன்று அது அரிய நூல்கள் பிரிவில் இருக்கிறது. காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன், 2007இல் நடந்த பதவியேற்புச் சடங்கில் அதன் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார்.

சட்டத்துக்குத் தனி அறை

சட்ட நூல்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்ற முயற்சிகள் சில முறை தோற்றன. கடைசியில் 1832 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 2,011 சட்ட நூல்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அவற்றில் 639 ஜெஃபர்சனிடமிருந்து வந்தவை. எந்த நூல்களை வாங்குவது என்பதில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பொறுப்பு தரப்பட்டது. 1851இல் தீப்பிடித்தபோது தனி அறையில் இருந்த சட்ட நூல்களுக்குச் சேதமில்லை.

2,011இல் தொடங்கிய தொகுப்பு இன்று ஏறத்தாழ 30 லட்சம். ஜேம்ஸ் மேடிசன் பெயரிலுள்ள கட்டடத்தில் அதன் வாசிப்பு அறை இருக்கிறது. வழக்கறிஞர்தான் வரவேண்டும் என்பதில்லை. 16 வயது நிறைந்த எவரும் கட்டணமின்றி வாசகர் அட்டை பெற்று உட்கார்ந்து படிக்கலாம்.

பழைய சட்டம் எதற்கு?

இந்த நூலகம் அமெரிக்கச் சட்டங்களோடு நிற்பதில்லை. பிற நாடுகளின் சட்டங்களையும் அரசிதழ்களையும் சேகரிக்கிறது. இதன் தாய் நூலகம் 1962 முதல் புது டில்லியில் ஓர் அலுவலகம் வைத்து நம் பகுதி வெளியீடுகளைத் திரட்டி வருகிறது. வெளிநாட்டுச் சட்டம் பற்றி நாடாளுமன்றமோ நீதிமன்றமோ கேட்டால், அந்தந்த நாட்டுச் சட்டம் படித்த அறிஞர்கள் அறிக்கை எழுதித் தருகிறார்கள்.

காலாவதியான சட்டத்தையும் அங்கே தூக்கி எறிவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் எழுதிய பத்திரத்தில் தகராறு வந்தால், அன்றைக்கு நடைமுறையில் இருந்த சட்டம் எது என்று பார்க்க வேண்டியிருக்கும். இன்றைய விவகாரத்துக்கோ இன்றைய சட்டம் வேண்டும். நமக்குத் தெரிந்த உதாரணம் வக்ஃபு. 1954இல் ஒரு சட்டம் வந்தது, 1995இல் வேறு சட்டம் வந்தது, 2025இல் அதில் பெரிய திருத்தம் செய்தார்கள். பழைய புத்தகம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு தடம் மாறிவிடும்.

தீர்ப்பு யாருடைய சொத்து?

சட்ட நூலகத்தை அரசு திறந்து வைத்தாலும், சட்டத்தின் வாசகத்தை ஒருவர் தம் சொத்து என்று பூட்டிவைத்தால் என்ன பயன்? இந்த வழக்கும் அங்கே நடந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து விற்றவர் ஹென்றி வீட்டன். அவருக்குப் பின் அந்தப் பணிக்கு வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ், பழைய தீர்ப்புகளைச் சுருக்கி மலிவு விலையில் வெளியிட்டார். வீட்டன் வழக்குப் போட்டார். நீதிமன்றத்தின் தீர்ப்புரைக்கு எந்தத் தொகுப்பாளரும் பதிப்புரிமை கோர முடியாது என்று 1834இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2020இலும் இதே கேள்வி வந்தது. ஜார்ஜியா மாநிலம், விளக்கக் குறிப்புகளோடு கூடிய தன் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக ஏற்றிய பொதுநல அமைப்பின் மீது வழக்குத் தொடுத்தது. சட்டமன்றத்தின் சார்பில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளுக்கும் பதிப்புரிமை இல்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

சிறையிலிருந்து ஒரு மனு

சட்டப் புத்தகம் ஏழையின் கைக்கு எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு கிளாரன்ஸ் கிடியன் சாட்சி. 1961இல் புளோரிடாவில் ஒரு விளையாட்டு விடுதிக்குள் புகுந்து திருடியதாக அவர் மீது வழக்கு. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை. அரசு ஒருவரைத் தரவேண்டும் என்று கேட்டார், நீதிபதி மறுத்தார். மரண தண்டனைக்குரிய வழக்குக்கு மட்டுமே அங்கே அந்த வசதி இருந்தது. தாமே வாதாடித் தோற்றார். ஐந்து வருடச் சிறை.

சிறை நூலகத்தில் சட்டம் படித்து, பென்சிலால் தாமே மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வழக்கறிஞர் தந்தே ஆகவேண்டும் என்று 1963இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார், விடுதலையும் கிடைத்தது.

கைதிகளுக்குப் போதிய சட்ட நூலகமோ, சட்டம் அறிந்தவரின் உதவியோ தரப்பட வேண்டும் என்று 1977இல் அதே நீதிமன்றம் கூறியது. 1996இல் அந்த உரிமையைச் சற்றுச் சுருக்கிவிட்டது.

கிடியன் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகம் அவருக்கு வாசலைத் திறந்தது. வழக்கை வென்று தந்தது வழக்கறிஞர். வாஷிங்டன் நூலகத்திலும் இதே ஒழுங்குதான். எந்தச் சட்டம் எந்த நூலில் என்று நூலகர் எடுத்துத் தருவார். உங்கள் வழக்கில் என்ன செய்யலாம் என்று ஆலோசனை சொல்லமாட்டார், அது வழக்கறிஞர் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. "சட்டப்படி இப்படித்தான்" என்று யார் சொன்னாலும், எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

2. அது இப்போதும் நடைமுறையில் உள்ளதா, திருத்தப்பட்டதா என்று பாருங்கள்.

3. படித்துக் காட்டாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். குறிப்பாக வீட்டுப் பெண்களிடமும் முதியவர்களிடமும் "இங்கே போடுங்கள்" என்று நீட்டும் வழக்கத்தை நம் குடும்பங்களில் நிறுத்துவோம்.

4. படித்துப் புரிந்த பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள். விஷயம் தெரிந்து கேட்கிறவருக்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

வீட்டில் பேசிப் பார்க்க

• சட்டத்தை எழுதியவருக்கு அதன் மீது பதிப்புரிமை இருந்தால் ஏழைக்கு என்ன நஷ்டம்?

• நம் வீட்டிலுள்ள முக்கியமான பத்திரங்கள் எவை? அவற்றை முழுவதும் படித்தவர் வீட்டில் யார்?

இரண்டாவது கேள்விக்கு "யாருமில்லை" என்பது பதிலானால், இந்த வாரமே பிள்ளைகளை உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக.

வஸ்ஸலாம்.
செயலாளர்