ஓரம் காத்தால் போர்வை நிலைக்கும்

வீட்டில் உள்ள பழைய போர்வையை எடுத்துப் பாருங்கள். முதலில் எங்கே கிழிந்திருக்கிறது? ஓரத்தில்தான். ஓரம் பிரிந்தால் மற்ற தையலும் பிரியும்.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் 'சித்தி' என்ற மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள். பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்தப் பெண்கள் பழந்துணியில் போர்வை தைக்கிறார்கள். அதன் பெயர் 'கவுதி'.

எப்படித் தைக்கிறார்கள்?

1. பழைய சேலையை அடியில் விரிக்கிறார்கள்.

2. ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். சேலையின் ஓரத்தை உள்பக்கம் மடிக்கிறார்கள்.

3. அதன்மேல் துண்டுத் துணியை வைக்கிறார்கள். அதன் ஓரத்தையும் உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போடுகிறார்கள்.

4. நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். தையல் நடுவில் முடிகிறது.

வெட்டிய விளிம்பு வெளியே தெரியாது. அதனால் தனிப் பட்டி தேவையில்லை.

கடைசியாக, துணிகளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைகளிலும் தைக்கிறார்கள். அவைதான் கவுதியின் பூக்கள். பூ இல்லாத கவுதி, ஆடை இல்லாத உடம்பு போன்றது என்பார்கள்.

உங்கள் போர்வையின் ஓரம் பிரிந்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள். பழைய சேலையில் 3 அங்குல அகலத்தில் பட்டி கிழியுங்கள். பட்டியின் நல்ல பக்கம் போர்வையின் மேல் படியட்டும். ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தையுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்புங்கள். நுனியை மடித்து எம்மிங் செய்யுங்கள்.

கணக்குப் போடுவோம்

போர்வையின் நீளம் 6 அடி. அகலம் 4 அடி. நான்கு ஓரத்துக்கும் எத்தனை அடி பட்டி வேண்டும்? மூலை மடிப்புக்கு 1 அடி கூட்டிக்கொள்ளுங்கள்.