மார்ச்சில் அந்த மலை வேண்டாம்

போடிநாயக்கனூர்
பிப்ரவரி முதல் வாரம்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்ச் இரண்டாம் வாரம் அலுவலக நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து போடிப் பக்கம் மலையேற வருவதாகவும், என்ன ஷூ, எந்த அளவில் பை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். இரண்டையும் சொல்கிறேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் வேறு. மார்ச் என்று எழுதியிருக்கிறாய். "பர்மிஷன் எல்லாம் குரூப் அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்றும் எழுதியிருக்கிறாய். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதுவும் இந்த மலையடியில் குடியிருப்பவன், இந்த இரண்டையும் பேசாமல் ஷூவைப் பற்றிப் பேச முடியாது.

2018 மார்ச் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது பள்ளியில் இருந்தாய். நம் போடிக்குப் பக்கத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் பிற்பகலில் காட்டுத்தீக்கு நடுவில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள், பெண்கள் அதிகம். முதலில் ஓடிப்போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும்தான். கம்பிலும் போர்வையிலும் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. எல்லாம் செய்தும், அங்கேயே இறந்தவர்களும் பிறகு மருத்துவமனைகளில் இறந்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் போன வழிக்கு முறையான அனுமதி இல்லை என்று பிறகு தெரியவந்தது.

அந்தப் பிள்ளைகள் யாரும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் இல்லை கயல். நல்ல ஷூ போட்டிருந்தார்கள், பை வைத்திருந்தார்கள், முன்பு மலையேறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது, "இந்த மாதத்தில் இந்தச் சரிவில் இறங்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் ஓர் ஆள். அதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நம் பக்கத்துச் சரிவுகளில் போதைப்புல் என்று ஒரு புல் வளரும். எண்ணெய்ச் சத்துள்ள வாசனைப் புல். மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு வரும். டிசம்பரில் பார்த்தால் பச்சையாக, அழகாக இருக்கும். பிப்ரவரி நடுவில் அது வைக்கோலாகிவிடும். மரங்களும் இலையுதிர்த்திருக்கும், ஓடைகள் வற்றியிருக்கும். அப்போது ஒரு பீடித்துண்டு போதும்.

சமதளத்தில் தீயின் சுவாலை நேராக மேலே போகும். மலைச்சரிவில் அப்படி இல்லை. சுவாலை மேலே நிற்கிற புல்லை ஒட்டிச் சாய்ந்து, தான் போய்ச் சேரும் முன்பே அந்தப் புல்லின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசும். பிற்பகலில் அது வலுக்கும். ஆகவே பிற்பகலில் கீழே பற்றிய தீ மேலே வரும்போது, மூச்சிரைக்க மேலே ஓடுகிற மனிதரால் அதை முந்த முடியாது.

தீ கண்ணில் பட்டால் மேல்நோக்கி ஓடக்கூடாது. குறுகலான வறண்ட ஓடைப் பள்ளத்திலும் இறங்கக்கூடாது. மறைவிடம் போலத் தெரியும், ஆனால் சூடும் புகையும் புகைபோக்கிக்குள் போவதுபோல் அதற்குள்தான் ஏறிவரும். பக்கவாட்டில் விலக வேண்டும். வெறும் பாறை, அகலமான பாதை, தண்ணீர் ஓடும் இடம், இவற்றைத் தேட வேண்டும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் கிடைத்தால் அதுதான் பாதுகாப்பு. அங்கே மறுபடி எரிவதற்கு எதுவும் இல்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் படித்து வைத்துக்கொள். ஆனால் படித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மார்ச்சில் வராதே. புகை சூழ்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் அலறி ஓடும்போது படித்தது நினைவுக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்து, அனுமதி. குரங்கணிக்குப் பிறகு, அதே 2018-இல், மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 தடங்களைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு போகும்படி செய்திருக்கிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தடங்களைப் பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்தந்த மலையைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற ஆட்கள். பழங்குடி இளைஞர்கள் பலர். காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடியும் வைக்கிறார்கள். நீ சொல்லும் மார்ச் இரண்டாம் வாரம் அந்த நாட்களுக்கு உள்ளேதான் வருகிறது. அப்படியிருக்க உங்கள் குரூப் அண்ணன் எந்த அனுமதியை, யாரிடம் வாங்கப் போகிறார்? "செக்போஸ்ட்டில் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்பது அனுமதி ஆகாது. அனுமதிச் சீட்டில் தடத்தின் பெயர், தேதி, உள்ளே போகிறவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால்தான், நீங்கள் மாலைக்குள் திரும்பவில்லை என்பது கீழே ஒருவருக்காவது தெரியும், எங்கே தேடுவது என்பதும் தெரியும். இதைக் கெடுபிடி என்று நினைக்காதே. தேடப் போகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் முதல் உதவி.

வழிகாட்டி "வேண்டாம், திரும்பலாம்" என்றால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். பணம் கட்டியிருக்கிறோம், உச்சிக்கு அரை மணி நேரம்தான் என்று அவரிடம் வாதாடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் மூங்கில் முறியும் சத்தத்தைக் கேட்டிருப்பார். சூடு ஆறாத யானைச் சாணத்தைப் பார்த்திருப்பார். யானையோ காட்டுமாடோ எதிரில் நின்றால் படம் எடுக்க நிற்காமல், சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம். காட்டில் காதுதான் உன் முதல் காவல்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஷூவை மாலையில் போய் வாங்கு. நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, நுனியில் விரல் அசைய இடம் இருக்கிறதா என்று பார். ஏறும்போது பொறுத்துக்கொள்ளும் ஷூ, இறங்கும்போதுதான் நகத்தைப் பெயர்க்கும். இறக்கத்துக்கு முன் நாடாவைக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டு. புது ஷூவோடு மலைக்கு வராதே. சில வாரங்கள் அதைப் போட்டு நட, படிக்கட்டு ஏறி இறங்கு. விலையைவிட அடியில் உள்ள பிடிமானத்தைப் பார்.

ஒரு நாள் நடைக்கு 25 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும். மூன்று லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், கடலைமிட்டாய், கட்டுத்துணி, நீ வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, ஒரு விசில். டார்ச்சைவிட நெற்றியில் மாட்டும் விளக்கு நல்லது. இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறோம் என்பதை மறக்காதே. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் மறைந்துவிடும். சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே இங்கே தடம் மங்கத் தொடங்கும். ஆகவே விடியும் முன் தயாராகி, பிற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். போனில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும். ஏரோபிளேன் மோடில் போட்டு வை.

எந்தத் துணி என்பதையும் மாதம்தான் முடிவு செய்கிறது. பாலியெஸ்டரும் நைலானும் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. ஆனால் மழையிலும் குளிரிலும் கதையே வேறு. நனைந்த பருத்தி காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அதோடு காற்றும் மழையும் சேர்ந்தால் நம் மலையிலும் ஒருவர் விறைத்துப்போக முடியும். கூட வருபவர் நடுங்கிக்கொண்டே தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, சோர்வு என்று விட்டுவிடாதே. ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, சூடாக இனிப்பான ஏதாவது குடிக்கக் கொடு. நீ வரப்போவது குளிர்காலத்தில் என்றால், சீக்கிரம் காயும் சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, அட்டைக்கடிக்கு நெருக்கமாக நெய்த நீளமான சாக்ஸ், இவ்வளவு போதும்.

அடுத்த வருடம் இமயமலை என்று கடைசியில் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் சுமார் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே இங்கே எவ்வளவு ஏறினாலும் கால் பழகுமே தவிர, மெலிந்த காற்று பழகாது. தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாதே. கூடினால் உடனே இறங்கு. உடற்பயிற்சி செய்கிறவர்களையும் அது விடாது. மற்றதை நேரில் பேசுவோம்.

கயல், உன்னை வீட்டிலேயே இரு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நம் குடும்பத்துப் பெண்கள் யாருக்கும் கிடைக்காத நடை உனக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்து எனக்குப் பெருமைதான். டிசம்பரிலோ ஜனவரியிலோ வா. புல் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும். முறையாகப் பதிவு செய்துகொண்டு வா, உன் நண்பர்களையும் அழைத்து வா. முந்தின இரவு நம் வீட்டில் தங்கலாம். பெரியம்மா எல்லோருக்கும் சமைப்பாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் குழு அண்ணனிடமும் மற்றவர்களிடமும் படித்துக் காட்டு. அதற்குப் பிறகும் மார்ச்சில்தான் போவோம் என்று அவர்கள் சொன்னால், நீ மட்டுமாவது வரமாட்டேன் என்று சொல்லிவிடு. தேதியை மாற்றியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
பெரியப்பா